காக்கா விரட்டிய இசைத்தட்டு

எங்கள் ஆபீஸ் படியேறி வருகிறவர்களில் பாதிப்பேர் வழி தவறி வருகிறவர்கள். கீழே மக்ரூன் பலகாரக் கடை, மாடியில் 'இசக்கியப்பன் துப்பறியும் நிலையம்'. கால்கிலோ மக்ரூன் கேட்டு மேலே வந்து நிற்பவர்களை அண்ணாச்சி வெறுமனே அனுப்ப மாட்டார். "வீட்டுல ஏதும் களவு போயிருக்கா? யார் மேலயாவது சந்தேகம் உண்டா?" என்று விசாரித்துவிட்டுத்தான் கீழே கை காட்டுவார்.

அதனால் அந்தத் திங்கட்கிழமை காலையில் கிட்டாரும் கையுமாக ஒருவன் வந்து நின்றபோது, நான் டைப்ரைட்டரிலிருந்து தலையை எடுக்காமலே, "மக்ரூன் கீழ" என்றேன்.

"நான் ஜெபசீலன்" என்றான் அவன்.

சொல்லிவிட்டுச் சும்மா நின்றான். நான் மூச்சடைத்து விழுவேன் என்று எதிர்பார்த்தான் போல. நான் விழவில்லை.

"பாடகர் ஜெபசீலன்."

"அப்படியா? உக்காருங்க."

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேஸில் காப்பாற்றப்பட வேண்டியிருந்தது ஒரு மீன்பிடி வள்ளம். ஆறு மாதமாகக் கரையில் கிடந்து வெயிலில் பலகை வெடித்துக்கொண்டிருந்த வள்ளம். அதை நம்பி ஒரு புருஷன், ஒரு பெஞ்சாதி, ஒரு கைப்பிள்ளை. அது அன்றைக்குக் காலையில் எங்கள் யாருக்கும் தெரியாது. எங்களுக்குக் கிடைத்தது இந்தக் கிட்டார்தான். அதனால் இதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

என் பெயர் பேச்சித்தாய். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். கடிதமே வராத ஆபீசில் பதில் கடிதம் அடிப்பது என் வேலை. அண்ணாச்சி இசக்கியப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் மூட்டை எண்ணியவர். கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கில் எது வந்தது என்பதை விட எது வரவில்லை என்பதுதான் அவர் கண்ணில் முதலில் படும். அந்தப் புத்தியை வைத்துத்தான் இந்தக் கடையைத் திறந்தார்.

"சொல்லும் தம்பி" என்றார்.

ஜெபசீலன் சொன்னான். கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிளார்க். பாட்டெழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது, கிட்டார் வாசிப்பது எல்லாம் அவனே. மெட்ராசில் மூன்று நாள் ஸ்டூடியோ எடுத்துப் பன்னிரண்டு பாட்டுப் பதிவு செய்து, 'கரையேறாத பாட்டு' என்று எல்.பி. இசைத்தட்டு வெளிவந்துவிட்டது.

"எந்தப் படத்துப் பாட்டு?" என்று கேட்டேன்.

"படம் இல்லை. நானே எழுதினது."

"படமே இல்லாம பாட்டா? அப்போ யாரு ஆடுவா?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் அந்த டைப்ரைட்டர் எரிந்திருக்க வேண்டும். சட்டைப்பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து அண்ணாச்சியிடம் கொடுத்தான். அவர் கண்ணாடி தேடிக்கொண்டிருந்ததால் நானே வாங்கி உரக்கப் படித்தேன். மெட்ராஸ் வாரப்பத்திரிகை விமரிசனம். "இந்த இசைத்தட்டின் இரண்டு பக்கங்களில் எது மோசம் என்று தீர்மானிப்பது கடினம். இரண்டாம் பக்கத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு. அது சீக்கிரம் முடிந்துவிடுகிறது."

"வயித்தெரிச்சல் பிடிச்சவன்" என்றான் ஜெபசீலன்.

"காது எரிஞ்சிருக்கும்" என்றேன்.

"ஏளா பேச்சி, சும்மா இரு" என்று அண்ணாச்சி அதட்டினார். "இதுல துப்பறிய என்ன தம்பி இருக்கு? நல்லாயில்லன்னு சொல்லியிருக்கான். நீரு பாடத்தான் செஞ்சீரு."

"அது இல்ல சார். நம்ம தூத்துக்குடிக்கு வந்த நானூறு தட்டும் ஆறே வாரத்துல வித்துப்போச்சு."

"பெறகு என்ன? சந்தோசப்படும்."

"ஒருத்தர் வீட்டுலயும் இல்ல சார். மைக் செட்காரங்ககிட்ட இல்ல. ஹோட்டல்ல இல்ல. நானூறு தட்டு வித்த ஊர்ல என் பாட்டுல ஒரு வரி தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இல்ல. நான் சிநேகிதங்களுக்குக் குடுத்த ஒம்பது தட்டையும் எவரோ வீடு தேடிப் போயி இரட்டை விலை குடுத்து வாங்கிட்டுப் போயிட்டாரு. மிச்சம் இது ஒண்ணுதான்." "எங்க அப்பா சர்ச்சுல கொயர் மாஸ்டர். வாற கிறிஸ்மஸுக்குள்ள உன் பாட்டைக் கேட்ட ஒரே ஒரு ஆளைக் கூட்டிட்டு வா, இல்லேன்னா கிட்டாரை வித்துட்டு வந்து கொயர்ல நில்லுன்னுட்டாரு."

"யார் மேல சந்தேகம்?"

"உப்பளத்து முதலாளிகள். ஏழாவது பாட்டுல அவங்களைக் கிழிகிழின்னு கிழிச்சிருக்கேன். என் பாட்டு ஜனங்க காதுக்குப் போகக் கூடாதுன்னு அமுக்குறாங்க."

அண்ணாச்சி கை நீட்டினார். ஜெபசீலன் துண்டில் சுற்றி வைத்திருந்த தட்டை எடுத்துக் கொடுத்தான். நானும் எட்டிப் பார்த்தேன்.

அட்டையில் கடற்கரை. மணலில் வரிசையாக வள்ளங்கள். அதில் 'காணிக்கை மாதா' என்று பெயர் எழுதிய ஒரு புது வள்ளத்தின் மேல் ஜெபசீலன் கிட்டாரோடு சாய்ந்து நிற்கிறான். கண்ணை மூடியிருக்கிறான். வள்ளத்தின் மூக்கில் கட்டியிருந்த ஏதோ ஓலை அவன் தலைக்குப் பின்னால் கொம்பு முளைத்த மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. அவனுக்கு வலது பக்கம் இன்னொரு வள்ளம் நிற்கிற அளவுக்கு வெறும் மணல், அதில் நாலைந்து உருட்டுக்கட்டை. அந்தக் காலியிடத்தில்தான் தலைப்பை அச்சடித்திருந்தார்கள்.

"போட்டோக்காரருக்கு உங்க மேல ஏதும் கோவமா?" என்று கேட்டேன். "கொம்பு வச்சிருக்காரே."

"எங்க எடுத்த படம்?" என்றார் அண்ணாச்சி.

"மெட்ராஸ்ல. மெரினாவுல. பின்பக்கம் போட்டிருக்கு பாருங்க." பதில் கொஞ்சம் வேகமாக வந்தது. காது இரண்டும் சிவந்தன. அண்ணாச்சி அந்தக் காதைத்தான் பார்த்தார், அட்டையை அல்ல.

*

அற்புதமணி ரேடியோஸில் முதலாளி அற்புதமணி ஒரு டிரான்சிஸ்டரின் குடலை உருவிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நானூறா? ஆமா அண்ணாச்சி, வித்தேன். நானே ஆடிப்போயிட்டேன். முதல்ல பத்துத் தட்டுத்தான் எடுத்தேன், அதுவும் இந்தப் பிள்ளையோட அப்பா முகத்துக்காக."

"யாரு வாங்குனது?"

"ஒரே ஆளு. ஆகஸ்ட் மாசம் ஒரு நாளு இந்த வழியாப் போனவரு, வாசல்ல போஸ்டரைப் பாத்து அப்படியே நின்னுட்டாரு. பிரேக் போட்ட லாரி மாதிரி. உள்ள வந்து இருந்த பத்தையும் எடுத்துட்டாரு. பெறகு வாரா வாரம் திங்கக்கிழமை வந்து அறுபது, எழுபதுன்னு கொண்டுபோவாரு. நல்லாப் போகுதேன்னு நானும் கம்பெனிக்கு எழுதி எழுதி வரவழைச்சேன்."

ஜெபசீலனின் முகம் மலர்ந்தது. "என்ன சொல்லி வாங்குனாரு? எந்தப் பாட்டுப் பிடிச்சிருக்குன்னு சொன்னாரா?"

"அதான் தம்பி எனக்கும் விளங்கல. இந்தக் கடையில பதினாறு வருஷமா இருக்கேன். ஊசி வச்சு நாலு பாட்டாவது கேக்காம ஒருத்தனும் ரெக்கார்டு வாங்குனதில்ல. சிலவன் பன்னெண்டையும் கேட்டுட்டு வாங்காமலே போவான். இவரு ஒரு தடவை கூடப் போடச் சொல்லல. போடட்டான்னு கேட்டேன், அய்யோ வேண்டாம்னுட்டாரு."

"நல்ல ரசனை உள்ள மனுசன்" என்றேன்.

"தட்டோட பேரு கூடச் சொல்ல மாட்டாரு. 'அந்தப் படம் போட்டது குடும்'பாரு. வாசல்ல ஒட்டியிருந்த போஸ்டரையும் கிழிச்சு வாங்கிட்டுப் போயிட்டாரு."

"ஆளு எப்படி?" என்றார் அண்ணாச்சி.

"அம்பது வயசுக்கு மேல. வெள்ளை ஜிப்பா, கழுத்துல செபமாலை. கையில மூங்கில் பிடி போட்ட குடை. நம்ம ஊருல மழை எங்க பெய்யுது, ஆனாலும் குடை. பதினொண்ணே கால் மணப்பாடு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாரு."

அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று.

*

பஸ் ஆறுமுகநேரி தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் வரிசையாக வந்தன. ஜெபசீலன் அவற்றை முறைத்துக்கொண்டே வந்தான்.

"இங்கன எங்கயோதான் சார் இருக்கான் எதிரி."

"உப்பை முறைக்காதீரும், கரிச்சிரும்" என்றேன்.

கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தபோது அண்ணாச்சி குடைக்காரரைப் பற்றிச் சாதாரணமாகக் கேட்டு வைத்தார்.

"மூங்கில் குடையா? கஸ்பார் மச்சாதுல்லா அது! சங்குமுனை ஊர்க் கமிட்டித் தலைவரு. திங்கக்கிழமை தோறும் ஒரு கட்டுத் தட்டை மடியில வச்சுக்கிட்டு வருவாரு. ஏன், அவரும் பாட்டுப் பாடப் போறாரா?"

"உப்பள முதலாளி இல்லையா?" என்று ஜெபசீலன் ஏமாற்றத்தோடு கேட்டான்.

"அவருக்கு வள்ளம்தான் உண்டு. உப்பு சோத்துக்கு வாங்குததோட சரி."

நான் சிரிக்கத் திரும்பினால் ஜெபசீலன் முகத்தில் ரத்தம் இல்லை. "சங்குமுனையா?" என்று முணுமுணுத்தான். "அங்கயா இறங்கணும்? சார், நான் அடுத்த பஸ்ல ஊருக்குப் போயிரட்டா? ஆபீஸ்ல லீவு சொல்லல."

"இரியும் தம்பி" என்று அண்ணாச்சி அவன் தொடையில் கை வைத்து அழுத்தினார். பிறகு மணப்பாட்டுக்கு முந்தின ஸ்டாப்பான சங்குமுனை வரும் வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை.

*

ஊருக்குள் நுழையும் இடத்திலேயே கருவாட்டுக் களம். பாயில் நெத்திலி பரப்பிக் கிடக்கிறது. நட்டு வைத்த கம்புகளுக்கு இடையில் கயிறு கட்டி, கயிறு முழுக்கக் கறுப்பு வட்டங்கள் தொங்குகின்றன. காற்றில் சுழன்று சுழன்று வெயிலைப் பளிச் பளிச்சென்று கண்ணில் அடிக்கின்றன. மேலே இருபது முப்பது காக்கா வட்டமடித்துக்கொண்டே இருந்தனவே தவிர, ஒன்றும் கீழே இறங்கத் துணியவில்லை.

ஜெபசீலன் ஒரு கயிற்றருகே போய் ஒரு வட்டத்தைப் பிடித்து நிறுத்தினான். நடுவில் சிவப்புக் காகிதம். 'கரையேறாத பாட்டு. பாடலும் இசையும் குரலும்: ஜெபசீலன்.'

அவன் அடுத்ததைப் பிடித்தான். பிறகு அதற்கடுத்தது. நான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். மூன்று விநாடி தாங்கினேன்.

"ஒரு பாட்டும் கேக்காமலே காக்கா ஓடுது. கேட்டா ஊரையே காலி பண்ணிரும்" என்றேன்.

"ஏய், யாரது? தட்டைத் தொடாதிய!"

நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். பூவரச மரத்தில் கட்டிய தொட்டிலில் ஆறு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் எங்க கிடைச்சது தாயி?" என்றார் அண்ணாச்சி.

"கமிட்டி ரூமுக்குப் பின்னால பள்ளத்துல கிடந்துச்சு அண்ணாச்சி. வாரா வாரம் கொண்டாந்து கொட்டுதாவ. காக்காத் தொல்லை தாங்காம நான் பொறுக்கியாந்து கட்டுனேன். களவாங்கல."

"அட்டை?"

"அட்டை இல்ல. அட்டையை எல்லாம் எரிச்சிருந்தாவ. சாம்பல்தான் கிடந்துச்சு. தட்டுல ஒரு கீறல் கிடையாது."

அண்ணாச்சி ஜெபசீலனைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். ஏதோ ஒரு மூட்டை வரவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி, மனசைத் தேத்திக்கிடும். உம்ம பாட்டை ஒருத்தரும் அமுக்கல."

"அப்போ?"

"பாட்டு மேல கோவம் உள்ளவன் தட்டை உடைப்பான். இவன் தட்டைத் தூக்கி எறிஞ்சிட்டு அட்டையை எரிச்சிருக்கான். உம்ம பாட்டை அவன் கேக்கவே இல்ல. அவனுக்குப் பயம் படத்துலதான்."

ஜெபசீலனுக்கு இது விமரிசனத்தை விட மோசமாக வலித்தது. கையிலிருந்த ஒரே அட்டையைத் துண்டோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டான்.

"நீ யாரு தாயி? உம் வீட்டுக்காரர் என்ன செய்தாரு?" என்று அண்ணாச்சி அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

அவள் பெயர் ஞானபாக்கியம். புருஷன் பெயர் தொம்மை. வள்ளக்காரன். ஆனால் கடலுக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது.

"எங்களைக் கடலுக்குப் போவ விடாமத் தள்ளி வச்சிருக்காவ அண்ணாச்சி. நான் அடுத்தவிய மீனைக் காயப்போட்டுக் கஞ்சி குடிக்கேன். அவரு வள்ளத்துக்குப் பக்கத்துலயே போயி உக்காந்துக்கிட்டு இருக்காரு. பேச்சே குறைஞ்சுபோச்சு."

"ஏன் தள்ளி வச்சாங்க?" என்றேன். இந்த முறை நான் கிண்டலாகக் கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை எங்க ஊருல யாரும் கடலுக்குப் போவக் கூடாது. அதுலயும் அன்னைக்குக் குருத்தோலை ஞாயிறு. விடியக்காலம் கோயில் வேலை பாக்க கோயில்பிள்ளை வந்து, கரையில நிக்க வள்ளத்துக்கெல்லாம் அணியத்து மூக்குல மந்திரிச்ச ஓலை கட்டிட்டுப் போவாரு. பெறகு ஊரே பூசைக்கும் பவனிக்கும் போயிரும். அன்னைக்கு மணியடிக்க மேல ஏறுன பய கடல்ல ஒரு பாயைப் பாத்துட்டான். யாரோ போயிருக்காவ. பூசை முடிஞ்சு எல்லாரும் கரைக்கு ஓடிப் பாத்தா, எல்லா வள்ளத்துலயும் ஓலை இருக்கு. எங்க வள்ளத்துல மட்டும் இல்ல. ஓலை இல்லைன்னா விடியக்காலம் அது கரையில இல்லைன்னு ஆவுது."

"உம் வீட்டுக்காரர் எங்க இருந்தாரு?"

"எங்கூடத் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில. அன்னைக்குத்தான் இவன் பொறந்தான்." தொட்டிலைக் காட்டினாள். "அவரு போவலன்னா வள்ளத்தை வேற யாருக்கோ குடுத்திருக்காருன்னு சொல்லிட்டாவ. கோயில்பிள்ளையைக் கேட்டா, இருட்டுல நின்னதுக்கெல்லாம் கட்டுனேன், பேரு பாக்கலைங்காரு. ஒரு வருசம் கடல் கிடையாது. துடுப்பு, பாய் எல்லாம் கமிட்டி ரூம்ல வச்சுப் பூட்டியாச்சு."

"தீர்ப்புச் சொன்னது?"

"தலைவரு. கஸ்பார் மச்சாது."

அண்ணாச்சி ஜெபசீலனிடம் கை நீட்டினார். அவன் அட்டையைக் கொடுக்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"தம்பி, அது மெரினாவா?"

"பின்பக்கம் போட்டிருக்கே சார்" என்றான் அவன்.

*

மூன்று மணிக்கு மீன் ஏலம். ஏலக் கொட்டகையில் ஊரே கூடியிருந்தது. நடுவில் நாற்காலி. நாற்காலியில் ஜிப்பா, செபமாலை, மூங்கில் குடை. கஸ்பார் மச்சாது எங்களைக் கண்டதும் புன்னகையோடு எழுந்தார். ஜெபசீலனைக் கண்டதும் அந்தப் புன்னகை பாதியில் நின்றது.

"தலைவரே, ஒமக்கு இந்தத் தம்பி பாட்டுன்னா உசுராமே? நானூறு தட்டு வாங்கியிருக்கீரு" என்று அண்ணாச்சி எல்லாருக்கும் கேட்கிறாற்போல் ஆரம்பித்தார்.

கஸ்பார் சுதாரித்துக்கொண்டார். "அசிங்கமான பாட்டு. பிள்ளைய காதுல விழக் கூடாதுன்னு என் கைக்காசைப் போட்டு வாங்கி ஒழிச்சேன். இதுல என்ன குத்தம்?"

"நல்ல காரியம். அதுல எந்தப் பாட்டு ரொம்ப அசிங்கம்? ஒரு வரி சொல்லும்."

கஸ்பார் குடையைக் கை மாற்றினார். ஜெபசீலன் ஆவலோடு முன்னால் வந்தான். எதிரியாவது ஒரு வரி கேட்டிருக்க மாட்டானா என்று இருந்தது பாவம், அவனுக்கு.

"என் வாயால சொல்லுவேனா அதை?" என்றார் கஸ்பார்.

"சொல்ல வேண்டாம். பேச்சி, அந்த அட்டையை வாங்கு."

நான் வாங்கினேன். வாங்கினேன் என்பது மரியாதைக்கு. பிடுங்கினேன். கொட்டகை முழுக்கத் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தேன். பெண்கள் நெருங்கி வந்தார்கள்.

"யாரிது, கண்ணு தெரியாதவரா?" என்றாள் ஒருத்தி.

"கொம்பு இருக்குடி!" என்றாள் இன்னொருத்தி.

பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது. "அது கொம்பு இல்ல. ஓலை. எங்க வள்ளத்துல ஓலை."

எல்லாரும் திரும்பினார்கள். உயரமான, கறுத்த, தாடி வளர்ந்த ஆள். ஞானபாக்கியம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றாள். தொம்மை பேசி ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். குரல் துருப்பிடித்திருந்தது.

"இது காணிக்கை மாதா. நான் தை மாசம் எறக்குன வள்ளம். அது எறக்கின பெறகு ஒரே ஒரு குருத்தோலை ஞாயிறுதான் வந்திருக்கு. அன்னைக்கு எங்க வள்ளத்துல ஓலை இருந்திருக்கு. கரையிலதான் நின்னிருக்கு."

கஸ்பார் சிரித்தார். அட்டையை என் கையிலிருந்து நிதானமாக வாங்கித் திருப்பிப் பிடித்தார்.

"படிச்சவிய யாராவது வாங்க. 'அட்டைப்படம்: மெரினா கடற்கரை, சென்னை.' அச்சுல இருக்கு. காணிக்கை மாதான்னு பேரு வச்ச வள்ளம் கடலோரம் முழுக்க நூறு கிடக்கு. மெட்ராஸ்ல எவனோ ஒருத்தன் வள்ளத்துல ஓலை கட்டுனா, அதுக்காகத் தொம்மை யோக்கியன் ஆயிருவானா? தம்பியே சொல்லட்டும். இது எங்க எடுத்தது?"

அத்தனை கண்ணும் ஜெபசீலன் மேல் விழுந்தன. இவ்வளவு பெரிய கூட்டம் அவனை இதுவரை பார்த்ததே இல்லை. அவன் என்னைப் பார்த்தான், அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி அவனுக்கு எந்த உதவியும் செய்யவில்லை. எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது.

ஞானபாக்கியத்தின் இடுப்பில் இருந்த குழந்தை கிட்டார்க் கம்பியை எட்டிப் பிடித்து இழுத்தது. டொய்ங் என்றது.

"இங்க எடுத்ததுதான்" என்றான் ஜெபசீலன்.

"சத்தமா" என்றேன்.

"இங்க எடுத்ததுதான்! குருத்தோலை ஞாயிறு அன்னைக்கு, காலையில எட்டரை மணிக்கு. எங்க அப்பா சர்ச்சுல அன்னைக்கு நான் சோலோ பாட வேண்டியது. கப்பல்ல டியூட்டின்னு பொய் சொல்லிட்டு, போட்டோக்காரரைக் கூட்டிக்கிட்டு இங்க வந்துட்டேன். அப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் மெரினான்னு அச்சடிச்சேன். இனி தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது."

"நேத்துப் பயல்வ சொல்லுததை எல்லாம் நம்ப முடியுமா?" என்று கஸ்பார் கத்தினார். "காசு குடுத்துக் கூட்டியாந்திருக்கான் தொம்மை!"

"நான் இங்கதான் இருந்தேன். பவனி கோயிலைச் சுத்தி வந்துச்சு. சத்தம் கரைக்குக் கேட்டுச்சு. பேண்டுல பெரிய டிரம் பாதியில கிழிஞ்சுபோச்சு. நாலு அடி வெறும் சத்தம், அப்புறம் டிரம் இல்லாமலே வாசிச்சாங்க. கிளாரினெட்காரர் தடுமாறி அரை சுருதி இறங்கிட்டாரு, கடைசி வரைக்கும் ஏறவே இல்ல. எனக்கு அதைக் கேட்டுப் பல்லெல்லாம் கூசி, அதான் படத்துல கண்ணை மூடிட்டேன்."

கொட்டகையின் ஒரு மூலையிலிருந்து ஒரு கிழவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"கிளாரினெட் நான்தான்" என்றார். "டிரம் கிழிஞ்சது நெசம்."

எங்கிருந்தோ சிரிப்பு வெடித்தது. அதோடு ஊர் முழுக்கப் பேச ஆரம்பித்தது. அண்ணாச்சி இந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருந்தார் போல. அட்டையைக் கஸ்பார் கையிலிருந்து எடுத்து, தலைப்பு அச்சடித்திருந்த வெறும் மணலில் விரலை வைத்தார்.

"எனக்கு இருக்கிற வள்ளம் முக்கியமில்ல. இல்லாத வள்ளம் முக்கியம். உங்க கரையில ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு இடம் உண்டு, மாத்தி ஏத்த மாட்டீங்க. காணிக்கை மாதாவுக்கு வலப்பக்கம் யாரு இடம்? மணல்ல உருட்டுக்கட்டை கிடக்கு. ஏத்தி வைக்க வேண்டிய வள்ளத்தைக் காணலை."

ஒவ்வொருவராக அந்த நாற்காலியைப் பார்த்தார்கள்.

"ஒம்ம வள்ளம் வெளுக்கும் முன்னாலயே கடலுக்குப் போயிருக்கு தலைவரே. ஓலை கட்டுற நேரத்துல கரையில இல்ல. திரும்பி வந்து பாத்தா எல்லா வள்ளத்துலயும் ஓலை, ஒம்மதுல இல்ல. பக்கத்து வள்ளக்காரன் ஊருல இல்ல. அவன் ஓலையை அவுத்து ஒம்ம வள்ளத்துல கட்டிட்டீரு. அவ்வளவுதான். இந்தத் தம்பி மட்டும் நடுவுல வந்து சாஞ்சு நிக்காம இருந்தா கடவுளுக்குக் கூடத் தெரிஞ்சிருக்காது."

கஸ்பார் குடையை ஊன்றிக்கொண்டு, "சீலா மீன் கூட்டமா வந்துச்சு..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நிறுத்திவிட்டார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. கமிட்டி ரூம் சாவி எங்கே என்றுதான் கேட்டார்கள்.

*

காணிக்கை மாதாவை இறக்க இருபது பேர் வந்தார்கள். ஆறு மாதம் தள்ளி வைத்தவர்களும் அதில் இருந்தார்கள். தொம்மை வெடித்த பலகையைத் தடவித் தடவிப் பார்த்தான். மறுநாள் கீல் பூசியாக வேண்டும், இருந்தாலும் ஒரு தடவை தண்ணீரைத் தொடட்டும் என்றான். வள்ளம் தண்ணீரில் இறங்கியதும் ஞானபாக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. காற்றில் மணல் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன்.

ஜெபசீலன் தனியாக உட்கார்ந்திருந்தான். அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பான்.

தொம்மை நனைந்த வேட்டியோடு கரையேறி நேராக அவனிடம் வந்து மணலில் உட்கார்ந்தான்.

"தம்பி, உம்ம பாட்டு ஒண்ணு பாடும். கேக்கணும்."

நானூறு தட்டு விற்றும், பாட்டைக் கேட்ட ஒரு ஆள் கிறிஸ்மஸுக்குள் வேண்டும் என்று அலைந்தவன் அவன். அந்த ஒரு ஆள் எதிரே வந்து உட்கார்ந்ததும் கிட்டாரை எடுத்தான். இரண்டு தடவை சுருதி தப்பித் தொடங்கி, மூன்றாவது தடவை பாடினான். முழுப் பாட்டும் பாடினான். தொம்மை கண்ணிமைக்காமல், பூசையில் உட்கார்ந்தவன் போலக் கேட்டான். நான் கூட வாயைத் திறக்கவில்லை. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு முடிந்தது. தொம்மை வேட்டி நுனியைப் பிழிந்தான்.

"பாட்டு எனக்கு விளங்கல தம்பி" என்றான். "பொய் சொல்ல மாட்டேன். ஆனா அன்னைக்கு எங்க வள்ளத்துல சாஞ்சு நின்னீரே, அது நல்லாயிருந்துச்சு. வாங்க, உங்க அப்பாகிட்ட நான் வந்து சொல்லுதேன்."

ஜெபசீலன் சிரித்தான். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தான்.

அடுத்த வாரம் சங்குமுனையிலிருந்து எங்கள் ஆபீசுக்கு ஒரு கடிதம் வந்தது. அந்த வருஷத்தில் எனக்கு வந்த முதல் கடிதம். ஊரில் வீட்டுக்கு ஒன்றாக மாட்டி வைக்க அறுபத்திரண்டு அட்டை வேண்டுமாம். இசைத்தட்டுக் கம்பெனிக்கு எழுதிப் போடச் சொல்லியிருந்தார்கள். அடியில் ஞானபாக்கியம் தன் கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தாள்.

'தட்டு வேண்டாம், எங்களுக்குக் காக்கா அவ்வளவு இல்லை.'